இருநூறு கிராம் எச்சில்

நான் ரெய்டர். பெரம்பலூர் பக்கம் ஊர்க் கபடி ஆடுகிறவன். என்னுடையது 64 கிலோவில் நிற்கிற உடம்பு வாகு; எலும்பும் கனம், தொடையும் கனம். எங்கள் ஊர் 65 கிலோ எடைப்பிரிவு செட்டில் ஆள் நிறைந்துவிட்டதால், "நீ 60க்கு இறங்கிடுடா" என்றார் கோச் அண்ணன். பத்தே நாளில் இறங்கினேன்.

கடைசி இரண்டு நாள் சோறு இல்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீரும் இல்லை. விடியற்காலை ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் மாட்டி ஏரிக்கரையில் ஓட்டம். அப்படியும் மிஷின் 60.200 காட்டியது. ஒரு காலி பாட்டிலையும் கொட்டைப்பாக்கு அளவு புளியையும் கையில் கொடுத்தார்கள். புளியை வாயில் அடக்கி, ஊற ஊறத் துப்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் எச்சிலே ஊறவில்லை. புளி நாக்கில் மணல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒருவழியாக 60.000.

எடை முடிந்த கையோடு எதிர்க் கடையில் நாலு பரோட்டா, சால்னா, மேலே ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் மேட்ச். முதல் ரெய்டிலேயே வயிறு குலுங்கியது, பாடிக்கொண்டு போக மூச்சு பற்றவில்லை. இரண்டாம் பாதியில் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினேன், கெண்டைச்சதை கட்டையாக இழுத்துக்கொண்டது. ஒருவரும் தொடவில்லை, நானாகவே விழுந்தேன். எங்கள் செட்டில் ஒரு தம்பி பிறவி ஒல்லி, 58 கிலோ. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து எடை போட்டவன். அன்றைக்கு எல்லா மேட்சும் ஆடியது அவன்தான்.

நான் இறக்கிய நாலு கிலோவில் கொழுப்பு சொற்பம் என்று அப்புறம்தான் தெரிந்தது. தசையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். ரெய்டில் பாய்வதற்கான சரக்கே அதுதானே!

*

தம்பி, நான் மல்யுத்தம். 50 கிலோவில் இருந்தபோது சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். 1997 கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கப்போய் ஐந்து வாரத்துக்குள் இறந்தார்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் முதல் நாள் மூன்று பேரை ஜெயித்தும், மறுநாள் காலை 100 கிராம் கூடிப்போய் இறுதிப் போட்டியில் இறங்கும் வாய்ப்பையே இழந்தார். இரவோடு இரவாக முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அந்த 100 கிராம் என்ன என்று ஊருக்குப் புரியவில்லை, எங்களுக்குப் புரிந்தது. நான் 55க்கு மாறிவிட்டேன். இப்போது மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடும்.

*

எனக்கு நேர் எதிர்க் கதை அக்கா. சென்னையில் மாரத்தான். பயந்துபோய் வழியெல்லாம் வெறும் தண்ணீராகக் குடித்தேன். 30 கிலோமீட்டரில் தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கிவிட்டது என்றார் டாக்டர். இப்போது ஓடும் முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, அவ்வளவுதான் கணக்கு. எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறேன்.

*

அக்கா, நானும் 65க்கே திரும்பிவிட்டேன். செட்டில் எட்டாவது ஆள், இரண்டாம் பாதியில் இறக்கினால் உண்டு. ஆனால் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் மிஷினில் ஏறுகிறேன்.