டொக்கிங், பேர்த்திங்: இரண்டுக்கும் 'இணைப்பு' போதுமா?

> விண்கலம் விண்வெளி நிலையத்தோடு சேரும் இரண்டு விதங்கள் டொக்கிங், பேர்த்திங். தமிழில் இரண்டுக்குமே 'இணைப்பு' என்று எழுதிவிடலாமே.

பண்டாரவளை அக்காவுக்கு வணக்கம். இதற்கு என் மனம் ஒப்பவில்லை. தலவாக்கலையில் தரம் 10 பிள்ளைகளுக்கு விண்வெளி நிலையத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுந்து, "டீச்சர், கலம் தானாப் போய் ஒட்டுதா, யாராச்சும் புடிச்சு வைக்கிறாங்களா?" என்றாள். 'இணைப்பு' என்ற சொல்லில் அதற்குப் பதில் இல்லை.

தானே போய்ப் பூட்டிக்கொள்வது டொக்கிங். 1966 மார்ச் 16இல் ஆம்ஸ்ட்ரோங்கும் ஸ்கொட்டும் ஜெமினி 8 கலத்தை ஏஜினா என்ற ஆளில்லாக் கலத்தோடு சேர்த்தது அப்படித்தான். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தின் முன்னால் நீட்டிய கோல், நிலையத்தின் கூம்புக் குழிக்குள் போய்ச் சிக்கும். கோல் உள்ளே இழுபட, கொக்கிகள் இறுகும். நிலையம் மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. கலம் அதை நெருங்குவதோ செக்கனுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில்.

பேர்த்திங்கில் கலம் பத்து மீற்றர் தள்ளி வந்து, உந்திகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். நிலையத்தின் 17.6 மீற்றர் நீளக் 'கனடாக் கை' என்ற இயந்திரக் கை அதை எட்டிப் பிடித்து வாசலில் வைக்கும். 16 போல்ட்டுகள் முறுக்கி இறுக்கும். அந்த வாசல் 1.27 மீற்றர் அகலம். டொக்கிங் வழியோ 80 சென்ரிமீற்றர்தான். பெரிய சாமான் பெட்டிகளுக்குப் பேர்த்திங் ஏற்றது. ஆட்கள் போகும் கலத்துக்கு டொக்கிங்தான் வேண்டும்: ஆபத்தென்றால் எந்தக் கையையும் எதிர்பாராமல் கழன்று ஓட வேண்டுமே.

2012 மே 25இல் டிராகன் என்ற சாமான் கலத்தைக் கை பிடித்து வைத்தது. 2019 மார்ச்சில் வந்த புதிய டிராகன் தானே பூட்டிக்கொண்டது. இரண்டையும் 'இணைந்தது' என்று எழுதினால் வாசிப்பவருக்கு அந்தப் பெரிய மாற்றமே தெரியாமல் போய்விடும்.

தமிழில் இதற்கு வழி இருக்கிறது அக்கா. திருந்து – திருத்து, வருந்து – வருத்து போல, பொருந்து – பொருத்து. கலம் பொருந்தியது, கலத்தைப் பொருத்தினார்கள். டொக்கிங் 'பொருந்துகை', பேர்த்திங் 'பொருத்துகை'.

*

தங்கச்சி, தன்வினை, பிறவினை என்று பிரித்தது அருமை. வாக்கியத்துக்குள் வந்தால் சரி. தலைப்பாகத் தனியே நின்றால், அதுவும் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு, இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். 'ஏந்திப் பொருத்தல்' என்று வைப்போமா? தேயிலை நிறுக்கும் மடுவத்தில் கொழுந்துச் சாக்கை ஏந்தி வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவார்களே, அதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். கையும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

*

'ஏந்திப் பொருத்தல்' எனக்கு முழுச் சம்மதம் அக்கா. டொக்கிங்குக்குப் 'பொருந்துகை' இருக்கட்டும். பிரியும்போதும் இப்படி ஒரு சோடி கிடைக்கிறது, பாருங்கள்: சோயுஸ் கழன்றது, சிக்னஸ் என்ற சாமான் கலத்தைக் கழற்றினார்கள்.