மோட்டார் ஸ்மார்ட் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது, கரண்ட் வந்தால் பாதி ஆஃப்லைன்: ஜிக்பீக்கு மாறினால் தீருமா?

மன்னை_மேலவீதி

வணக்கம். தெருவாசலில் இருந்து கொல்லை வரை நீளும் பழைய ஓட்டு வீடு. ரேழியில் ஃபைபர் மோடம் (ரவுட்டரும் அதிலேயே), நடுவில் முற்றம், பின்கட்டு மட்டும் தளம் போட்டது. அதன் மேல் 1000 லிட்டர் டேங்க். கொல்லைக் கடைசியில் போர், 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், தகட்டில் 7.2 ஆம்பியர். பின்கட்டு போர்டிலிருந்து மோட்டாருக்கு 40 மீட்டர், 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர். வீட்டில் மொத்தம் 11 வைஃபை மாடுல்கள் (சுவிட்சை ஆப்பில் இயக்கும் சிறு கருவிகள்), எல்லாம் சுவிட்ச் போர்டுக்குள். வீட்டில் இருப்பது வயதான இருவர். ஆப் வெளியூரில் இருப்பவர் கையில்.

சிக்கல் மூன்று. ஒன்று, மோட்டாருக்கு வைத்த 16 ஆம்பியர் மாடுல் ஒட்டிக்கொள்கிறது. ஆப்பில் ஆஃப், மோட்டார் ஓடுகிறது, டேங்க் வழிகிறது. இதுவரை இரண்டு மாடுல் போயாயிற்று. இரண்டு, கரண்ட் போய் வந்தால் நாலைந்து மாடுல் ஆஃப்லைன். எம்சிபியை அணைத்துப் போட்டால்தான் திரும்புகின்றன. மூன்று, பின்கட்டில் சிக்னல் இல்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜிக்பீக்கு (வைஃபை அல்லாமல் ஹப் வழியாகப் பேசும் ரேடியோ முறை) மாறலாமா? மேட்டர் (பல கம்பெனிச் சாதனங்களுக்கான பொதுத் தரம்) என்று போட்டிருப்பதை வாங்கலாமா?

குடந்தை_வயர்மேன்

மோட்டார் விஷயத்தை மட்டும் சொல்றேன். மாடுல் மேல 16ஏ-னு போட்டிருக்கிறது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் எழும்பும்போது ஓடுற கரண்ட் மாதிரி 5, 6 மடங்கு இழுக்கும். உங்க 7.2-க்கு 36-லிருந்து 43 ஆம்பியர் வரைக்கும். அந்த நேரத்துல ரிலேவோட காண்டாக்ட் துள்ளும், பொறி பறக்கும், ரெண்டு முனையும் வெல்டு ஆகிடும். ஜிக்பீ போட்டாலும் உள்ள இருக்கிறது இதே ரிலேதான், இதேதான் நடக்கும்.

அதோட வயர். 1.5 ஸ்கொயர்ல கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம். போக வர 80 மீட்டர், அப்ப கிட்டத்தட்ட 1 ஓம். ஓடும்போது 7 வோல்ட் போகுது, பரவாயில்லை. எழும்பும்போது 35 வோல்ட்டுக்கு மேல போகும். சாயங்காலம் லைன்ல 190 இருந்தா மோட்டார் முனையில 155. மோட்டார் எழும்பாம 'உம்ம்'னு முனகும், கரண்ட் இறங்காது, ரிலே செத்துடும். 2.5 ஸ்கொயர் இழுத்தா இழப்பு 20, 25 வோல்ட்டுக்குள்ள நிக்கும். கெப்பாசிட்டரையும் மீட்டர்ல பாருங்க. எழுதியிருக்கிற மதிப்புலேருந்து பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா மாத்துங்க. அதே மைக்ரோஃபாரட், 440 வோல்ட்.

செய்ய வேண்டியது: மாடுல் மோட்டாரைத் தொடவே கூடாது. அது ஒரு காண்டாக்டரோட (மோட்டாருக்கான பெரிய காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் இழுக்கணும். காண்டாக்டர் வாங்கும்போது 'ஏசி-3'-க்கு (மோட்டார் கணக்கு) நேரா என்ன ஆம்பியர்னு பாருங்க. கடைக்காரர் 25ஏ-னு காட்டுறது பெரும்பாலும் ஏசி-1, அது ஹீட்டர் கணக்கு. உங்களுக்கு ஏசி-3-ல 12 ஆம்பியர், 230 வோல்ட் காயில் போதும். கூடவே ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினா மோட்டாரை நிறுத்துறது). அதோட அளவு எல்லைக்கு நடுவுல 7.2 வர்ற மாதிரி எடுங்க.

காயில் வழி இப்படிப் போகணும்: மாடுலோட அவுட்புட், அங்கேருந்து ஓவர்லோடோட 95-96 (ட்ரிப் ஆனா திறந்துக்கிற முனைகள்), அடுத்து டேங்க்ல இருக்கிற ஃப்ளோட் சுவிட்ச், அடுத்து காயில் ஏ1. ஏ2-ல நியூட்ரல். டேங்க் நிரம்புச்சுன்னா வைஃபை இருக்கோ இல்லையோ மோட்டார் நிக்கும். ஃப்ளோட் வயர்ல 230 வோல்ட் போறதால அந்த சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுறது) கட்டாயம்.

பெரியவங்க இருக்காங்கன்னு சொன்னீங்க. மூணு நிலை செலக்டர் சுவிட்ச் ஒண்ணு வைங்க: ஆட்டோ, ஆஃப், கை. கையில் வைச்சா மாடுலை மட்டும் தாண்டிப் போகணும். ஓவர்லோடையும் ஃப்ளோட்டையும் தாண்டக் கூடாது. ஃபோன் இல்லாம தண்ணி ஏத்த முடியாத வீடு என்ன வீடு!

தஞ்சை_2.4

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு சிக்கல் ஒன்று முடிந்தது. மற்ற இரண்டுக்கு வருகிறேன்.

கரண்ட் வந்ததும் மாடுல் ஓரிரு நொடிகளில் எழுந்துவிடும். மோடம் எழுந்து இணையம் பிடிக்க 2, 3 நிமிடம். அதற்குள் மாடுல் தேடிப் பார்த்துக் களைத்து, சில ரகங்கள் திரும்ப முயலாமல் நின்றுவிடும், சில பேரிங் (புதிதாகச் சேர்க்கும்) நிலைக்கே போய்விடும். நீங்கள் எம்சிபியைத் தட்டும்போது மோடம் ஏற்கெனவே தயாராக இருப்பதால் இணைந்துவிடுகின்றன. எனவே மோடம் அணையவே கூடாது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். மோடம் அடாப்டரில் 12வி என்று இருக்கிறதா, 9வி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிளக் ஒரே மாதிரி இருப்பதை நம்பி மாட்டாதீர்கள். மூன்று 2200 எம்ஏஎச் செல் உள்ள யுபிஎஸ்ஸில் சுமார் 24 வாட்-அவர் இருக்கும், கைக்கு வருவது 20. மோடம் 10 வாட் தின்றால் 2 மணி நேரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடம் சாக்கெட்டை அந்த லைனுக்கு மாற்றினாலே சரி. மாறும் நேரத்தில் மோடம் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், அப்படி ஆகிறது என்றால் மினி யுபிஎஸ்ஸே வழி.

மோடத்துக்குள் போய்ச் செய்ய வேண்டியவை: 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். 2.4-இல் சேனலை ஆட்டோவில் விடாமல் 1 என்று நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பாதுகாப்பு டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய சிப்புகள் சேராது. ஒவ்வொரு மாடுலுக்கும் ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். நாளைக்கு மோடம் மாற்ற நேர்ந்தால் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதில் வையுங்கள். 11 மாடுலும் தாமாக வந்து சேரும், ஏணி வைத்து ஏற வேண்டாம்.

பின்கட்டுக்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள். வந்த வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கித்தான் அது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி இருக்கும், அதைத் துளைத்துப் பின்கட்டு வரை போகாது. தாழ்வார ஓரமாக ஒரு கேட்-6 கேபிள் இழுத்துப் பின்கட்டில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். அதே பெயர், அதே பாஸ்வேர்டு, சேனல் மட்டும் 6. கொல்லைக்குத் திறந்த பக்கம் பார்த்து மாட்டினால் மோட்டார் கொட்டகை வரை வரும். அந்தந்த மாடுல் இருக்கும் இடத்தில் ஃபோனை வைத்துச் சிக்னல் அளவை (டிபிஎம்) பாருங்கள்: மைனஸ் 70-க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டுத்தான் வரும். இன்னொன்று, பழைய போர்டுகளில் இரும்பு மெட்டல் பாக்ஸ் இருக்கும். அதற்குள் மாடுலை வைத்தால் ஆண்டெனாவை டப்பாவில் போட்டு மூடியது போல. அந்த இரண்டு மூன்று போர்டுகளை மட்டும் பிளாஸ்டிக் பாக்ஸுக்கு மாற்றுங்கள்.

ஜிக்பீ கெட்டது அல்ல. பேட்டரி சென்சார்கள் நிறைய வைப்பதாக இருந்தால் அதுதான் சரி. ஆனால் உங்கள் 11 மாடுலைத் தூக்கி எறியக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஜிக்பீ ஹப் போட்டால் சேனல் 25-இல் வையுங்கள். அது 2475 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 1-க்கும் 6-க்கும் தொலைவு. யுஎஸ்பி டாங்கிளை நேரடியாக யுஎஸ்பி 3.0 துளையில் செருகினால் அந்தத் துளையின் இரைச்சலே 2.4-ஐக் கெடுக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள். நியூட்ரல் தேவைப்படாத ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் பக்கத்துச் சாதனத்துக்குச் சிக்னலைக் கடத்தாது, 'கரண்டில்தானே இருக்கிறது' என்று நம்பி மெஷ் கணக்குப் போடாதீர்கள். மேட்டர் 2022-இல் வந்த தரம். இணையம் இல்லாமலும் வீட்டுக்குள் இயங்கும் என்பது நல்ல விஷயம்தான். ஒட்டிக்கொண்ட ரிலேயை அது பிரிக்காது.

வடுவூர்_வயல்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். வயல் மோட்டாருக்கு 3 ஃபேஸ் ஜிஎஸ்எம் ஸ்டார்ட்டர் (சிம் போட்டு ஃபோனில் இயக்குவது) இருக்கிறது. சிம்மை ஜியோவுக்கு மாற்றியதிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் எடுப்பதே இல்லை.

குடந்தை_வயர்மேன்

அது 2ஜி மாடுலா இருக்கும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. ஏர்டெல் இல்லேன்னா வி (வோடஃபோன் ஐடியா) சிம் போடுங்க, இல்ல 4ஜி போர்டு உள்ளதா மாத்துங்க. இன்னொண்ணு, ஆட்டோ ஸ்டார்ட் வச்சிருந்தா கரண்ட் வந்தவுடனே எடுக்காம 60 இல்ல 90 செகண்ட் தாமதம் வைங்க. பக்கத்து வயல்காரர் 30 வச்சிருந்தா நீங்க வேற நம்பர் வைங்க. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல எழும்பினா டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட் படுத்துடும், யார் மோட்டாரும் எழும்பாது.

மன்னை_மேலவீதி

காண்டாக்டர், ஓவர்லோடு, 2.5 ஸ்கொயர் எல்லாம் போட்டாயிற்று. மோட்டார் சட்டென்று எடுக்கிறது. ஆனால் ஓவர்லோடை 7.2-இல் வைத்தும் மூன்று நான்கு நிமிடத்தில் ட்ரிப் ஆகிறது. கிளாம்ப் மீட்டரில் 6.8 தான் காட்டுகிறது. இன்னொன்று, காண்டாக்டர் விடும்போது சில சமயம் மாடுல் ரீஸ்டார்ட் ஆகிறது. மோட்டாருக்கு மட்டும் டாஸ்மோட்டா (மாடுலுக்கான மாற்று மென்பொருள்) ஏற்றிய ஒற்றைச் சேனல் மாடுல் வைத்திருக்கிறேன்.

குடந்தை_வயர்மேன்

ஓவர்லோடுல எத்தனை பட்டை (உள்ள சூடாகி வளையுற தகடு) வழியா கரண்ட் போகுதுன்னு பாருங்க. ஒண்ணுலயோ ரெண்டுலயோ மட்டும் விட்டிருப்பீங்க. அது 3 ஃபேஸுக்குப் பண்ணினது. ஒரு பட்டை சூடாகாம இருந்தா 'ஒரு ஃபேஸ் போயிடுச்சு'னு நினைச்சுக்கிட்டு சீக்கிரமே ட்ரிப் பண்ணும். மூணு பட்டையிலயும் கரண்ட் போகணும். ஃபேஸ் முதல் பட்டையில இறங்கி வெளிய வரட்டும், அதை லூப் பண்ணி ரெண்டாவதுக்கு மேல கொடுங்க, அங்கேருந்து மோட்டாருக்கு. நியூட்ரல் மூணாவது பட்டை வழியா. லூப் வயரும் 2.5 தான். லூப் பண்ண இடம் வேணும்னா காண்டாக்டர்லேருந்து ஓவர்லோடைப் பிரிச்சுத் தனி பேஸ்ல வைங்க.

ரீஸ்டார்ட் ஆகிறது காயில் விடும்போது வர்ற உதைப்பு. ஏ1-ஏ2 குறுக்கே ஸ்னப்பர் போடுங்க: 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர், தொடரா 100 ஓம் ரெசிஸ்டர். காண்டாக்டர் கம்பெனியோட ரெடிமேடும் கிடைக்கும், மேல சொருகினா போதும். சாதா கெப்பாசிட்டர் போடாதீங்க, எக்ஸ்2-ன்னு எழுதியிருக்கணும்.

தஞ்சை_2.4

டாஸ்மோட்டா என்றால் இரண்டு கட்டளை. 'பவர்ஆன்ஸ்டேட் 0': கரண்ட் வந்தால் மோட்டார் தானாக எழாது. அடுத்து 'பல்ஸ்டைம்1'. காலி டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், அதோடு 5 நிமிடம் சேருங்கள். 22 நிமிடம் என்றால் 27, அதாவது 1620 நொடி. 12 நொடியோ அதற்கு மேலோ என்றால் நொடிக் கணக்கோடு 100-ஐக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும், எனவே 'பல்ஸ்டைம்1 1720'. இது மாடுலுக்குள்ளேயே ஓடும் கணக்கு, இணையமோ மோடமோ வேண்டாம். ஃப்ளோட் சிக்கிக்கொண்டாலும் இது நிறுத்தும்.

அடுத்த முறை வாங்கும்போது சிப்பைப் பாருங்கள். புதிய மாடுல்கள் பலவற்றில் பிகே7231 சிப் வருகிறது. அதில் டாஸ்மோட்டா ஏறாது, ஓபன்பெக்கன் என்ற மாற்று மென்பொருள் ஏறும்.

வேதை_உப்புக்காற்று

கொல்லையில் வைப்பதால் ஒரு சேதி. ஐப்பசி, கார்த்திகையில் போர்டு போவது பெரும்பாலும் இரண்டு வகையில்: ஈரமும் உப்பும் டெர்மினலில் பச்சை பிடிக்க வைப்பது, இடி. பெட்டி ஐபி65 (தூசியும் நீரும் புகாத தரம்) இருக்கட்டும், கேபிள் கிளாண்டுகள் அடிப்பக்கம் வரட்டும். மேலே துளை போட்டால் வயர் வழியாகவே நீர் இறங்கும். வயர் முனைகளில் லக் போட்டு அழுத்துங்கள், வெறும் இழையை முறுக்கி முடுக்காதீர்கள்.

இடிக்கு மாடுல் உள்ளீட்டில் எம்ஓவி (திடீரென ஏறும் வோல்ட்டை உறிஞ்சும் பாகம்), அதற்கு முன்னால் ஃபியூஸ். 14டி431 வாங்காதீர்கள், அது 275 வோல்ட்டுக்கு. நள்ளிரவில் லோடு இறங்கியதும் நம் பக்கம் லைன் அதை ஒட்டி ஏறும் இடங்கள் உண்டு, எம்ஓவி வீணாகச் சூடாகிச் சாகும். 14டி511, 320 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும், அதை எம்ஓவி தாங்காது. மெயினில் 180-க்குக் கீழும் 270-க்கு மேலும் வெட்டிவிடும் வோல்டேஜ் ரிலே ஒன்று வையுங்கள். திரும்பச் சேர்க்கும் தாமதம் 3 நிமிடம் இருந்தால் ஃப்ரிட்ஜுக்கும் நல்லது.

மன்னை_மேலவீதி

மூன்று பட்டையிலும் விட்டதும் ட்ரிப் நின்றது. ஒரு முழு டேங்க் ஏறியது, 23 நிமிடம், 'பல்ஸ்டைம்1 1780' கொடுத்திருக்கிறேன். ஸ்னப்பர் வந்ததும் மாட்டுகிறேன். மினி யுபிஎஸ் போட்ட பின் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது, மாடிப்படி சுவிட்ச் ஒன்று மட்டும் வரவில்லை. அந்த போர்டில் சாக்கெட் இல்லை, நியூட்ரலை வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள்.

குடந்தை_வயர்மேன்

சாக்கெட் உள்ள போர்டுல நியூட்ரல் இருக்கும், மாடிப்படி, குளியலறை வெளிப்பக்கம் இதுலதான் இருக்காது. இன்வெர்ட்டர் லைன்லேருந்து நியூட்ரல் கடன் வாங்கியிருந்தா ஆர்சிசிபி காரணம் தெரியாம விழும். அந்த ஒரு இடத்துல மாடுலைக் கழட்டிட்டு பழைய டூவே சுவிட்சையே போடுங்க.