பாதிக் கதையில் நின்னு போச்சு, திரும்ப எழுத என்ன வழி?

காவேரிப்பட்டணத்தான்:

வணக்கம்ங்க. முன்னாடி சிறுகதை எழுதிட்டிருந்தேன், இப்போ எதுவும் நகர மாட்டேங்குது. கையில ஒரு பாதிக் கதை கிடக்கு. மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல லோடு இறக்க வரிசையில நிக்கிற ஒரு குத்தகைக்காரரோட கதை. ஏழு பக்கம் ஓடுச்சு. அவர் வண்டியை விட்டு இறங்கி டீக்கடைக்குப் போறார், அதுக்கு மேல ஒரு வரி கூட வரலை.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு. இதையே தொடரலாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாமா? வேலை ஓசூர்ல, வாராவாரம் ஷிப்ட் மாறும், எழுத நேரம் எப்படி வைக்கிறது? நோட்டா, போனா? "மனசு வந்தா தானா வரும்"ங்கிற ஆறுதல் நிறைய கேட்டாச்சு. உட்கார்ந்து செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

பழையபேட்டை:

ஏழாம் பக்கத்தில் நின்ற கதைக்குக் கோளாறு பெரும்பாலும் ஏழாம் பக்கத்தில் இருக்காது. இரண்டு மூன்று பக்கம் பின்னால் தேடுங்கள்.

கதையை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், அதை எது தடுக்கிறது. தொடர்ந்து இரண்டு பத்திக்கு ஓரம் காலியாக இருந்தால் கதை செத்த இடம் அதுதான். அந்த இடத்தில் வெயில் வர்ணனை, பழைய நினைவு, டீக்கடை இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். உங்கள் ஆள் டீ குடிக்கப் போனதே அதற்கு அடையாளம். அவருக்குச் செய்ய வேலை இல்லை, நீங்கள் டீ குடிக்க அனுப்பிவிட்டீர்கள்.

இத்தனைக்கும் நீங்கள் எடுத்த விஷயத்துக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது. பெங்களூரா ரக மாங்காயை லாரியில் குவியலாகத்தான் கொட்டி வருகிறார்கள். நிற்க நிற்க அடிக்காய் நசுங்கும், உள்ளே சூடேறும், எடை இறங்கும். எடை மேடை ஏறும்போது கழிவு பிடிப்பார்கள். லாரிக்காரருக்கு அடுத்த நடை காத்திருக்கிறது, வெயிட்டிங் வாடகை ஏறுகிறது. காய் பறித்தவர்களுக்குச் சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். தோப்பை அவர் பூவிலேயே குத்தகை பேசியிருந்தால், தை மாசியில் கொடுத்த முன்பணத்துக்கு ஆனியில் பதில் சொல்ல வரிசையில் நிற்கிறார். அவர் முன்னால் மூன்று வழி: காத்திருப்பது, மண்டிக்குத் திருப்பி வந்த விலைக்குத் தள்ளுவது, ரோட்டோரம் கொட்டிவிட்டு வண்டியை அனுப்புவது. எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் தலையில் விடியும். மூன்றையும் தலைக்கு ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். எழுதியபின் மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் எட்டாம் பக்கத்தைத் தொடாதீர்கள்.

மூன்றில் ஒன்றுகூட உங்களை உறுத்தவில்லை என்றால் கதையைக் கைவிடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒன்று உறுத்தினால், காலி ஓரம் தொடங்கிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் வெட்டி வேறு கோப்பில் போடுங்கள். அழித்துவிட்டால் "அதில் நல்ல வரி இருந்ததே" என்று மனசு அங்கேயே சுற்றும். அதன்பின் உயிரோடு இருக்கும் கடைசிப் பத்தியைக் கையால் ஒருமுறை எடுத்தெழுதி, நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். படித்துவிட்டுத் தொடர்ந்தால் படித்தவனின் வேகம்தான் இருக்கும். எடுத்தெழுதினால் எழுதியவனின் வேகம் திரும்ப வரும்.

நடுகல் பித்தன்:

மேல சொன்னது சரிதான். ஆனா ரொம்ப நாள் விட்டவங்க நேரா பழைய கதைக்குப் போனா மறுபடி அங்கேயே முட்டிக்குவாங்க. ரெண்டு வாரம் சின்னதா, முடிவு இருக்கிற வடிவம் ஒண்ணுல கையை ஓட்டுங்க. அது நம்ம பக்கத்துலயே கல்லுல கிடக்கு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர் அரசு அருங்காட்சியகத்துலயும் நடுகல் (செத்த வீரனுக்கு நட்ட கல்) இருக்கு, வயக்காட்டுலயும் இருக்கு. பழைய நடுகல் கல்வெட்டோட அமைப்பைக் கவனிங்க: எந்த அரசனோட எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருக்குக் கீழே இருந்தவன், எந்த ஊர்த் தொறுவுக்காக (மாட்டு மந்தைக்காக), பேர் என்ன, "பட்டான் கல்", அதாவது செத்தவனோட கல். அவ்வளவுதான். அழுகை கிடையாது, அடைமொழி கிடையாது.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்க் கல் ஒண்ணு. மகேந்திரவர்ம பல்லவனோட முப்பத்து நாலாவது ஆட்சியாண்டு. கருந்தேவகத்திங்கிறவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். கல்லுல அவனுக்குப் பின்னாடி ஒரு நாய். அதுக்குன்னு தனியா ஒரு வரி: கோவிவன் என்னும் நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சு. நாயோட பாசத்தைப் பத்தி ஒரு சொல் இல்லை. பேரைப் போட்டான் பாருங்க, அதுலயே முடிஞ்சுது.

பயிற்சி இதுதான். தினம் ஒண்ணு, அஞ்சு வரி, நாற்பது சொல்லுக்கு மேல கூடாது. ஆண்டு, ஊர், ஆளோட பேர், தொழில், நடந்தது. உணர்ச்சிச் சொல் ஒண்ணுகூட வரக்கூடாது. யாராச்சும் சாகணும்னும் இல்லை. போர்வெல் வத்தினது, தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக் பிடிக்காம போனது, தண்ணி ஏறினதால ஒகேனக்கல்ல பரிசல் கரையில கவுந்தே கிடந்தது, எல்லாம் ஆகும். பத்து சேர்ந்ததும் ஒண்ணை எடுத்து முந்நூறு சொல்லுக்கு வளர்த்துங்க. வளர்த்தும்போது சேர்க்க வேண்டியது அந்த ஆளோட கை என்ன செய்யுதுங்கிறதை மட்டும்.

இதுல வழக்கமா ரெண்டு தப்பு நடக்கும். வரியை உடைச்சுப் போட்டுப் புதுக்கவிதை ஆக்கி, கடைசியில ஒரு பஞ்ச் வெப்பாங்க. முழு வாக்கியமா எழுதுங்க, அது வராது. இன்னொண்ணு, பேப்பர்ல வந்த பெரிய விபத்தை எடுக்கிறது. பேப்பர்காரனுக்குத் தெரிஞ்சதுதான் உங்களுக்கும் தெரியும், அதுக்கு மேல எழுத ஒண்ணும் இருக்காது. எந்தத் தொழிலோட சாமான் பேரெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ அந்தத் தொழில்ல நடந்ததை எடுங்க.

அப்புறம் அதியமான், ஔவை, நெல்லிக்கனி மூணையும் கொஞ்ச நாளைக்குத் தொட வேணாம். நம்ம ஊர்க்காரங்க பேனாவைத் திறந்தாலே தானா வந்து விழுற சரக்கு அது.

பி ஷிப்ட்:

நேரத்துக்கும் கருவிக்கும் நான் சொல்றேன்.

ஷிப்ட் மாறுறவங்க "காலை அஞ்சு மணி"ன்னு வெச்சா அடுத்த வாரமே உடையும். மணியில கட்டாதீங்க, தினம் நடக்கிற ஒரு வேலையில கட்டுங்க. ஷிப்ட் முடிஞ்சு குளிச்சதும், சாப்பாட்டுக்கு முன்னாடி. எந்த ஷிப்டா இருந்தாலும் குளியல் உண்டு இல்லீங்களா.

அளவு: முதல் வாரம் பதினஞ்சு நிமிஷம், நூறு சொல். மேல்வரம்பும் வைக்கணும், இருநூறு தாண்டக்கூடாது. மேல்வரம்பை யாரும் மதிக்கிறதில்லை, கவுக்கிறதே அதுதான். லீவு நாள்ல ஆயிரம் சொல் எழுதி இருந்த சரக்கெல்லாம் இறக்கிட்டு, அடுத்த நாலு நாள் வெறும் பக்கத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. இருநூறு ஆனதும், அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சிருக்கும்போதே மூடிடுங்க. ஒரு நாள் விட்டுப்போனா போனதுதான், அடுத்த நாள் கணக்குல சேர்க்காதீங்க. சேர்த்தா வட்டி மாதிரி ஏறி, கடைசியில நோட்டைப் பார்க்கவே பிடிக்காது.

நைட் ஷிப்ட் வாரத்துல புதுசா எழுத வேணாம். எடுத்தெழுதறது, பேர்ப்பட்டியல் போடறது, பழைய பத்தியில வெட்டறது, இது மட்டும். கம்பெனி பஸ்ல காதுல விழுற பேச்சு ஒரு வாக்கியம், சொன்னபடியே குறிச்சு வைங்க. சுருக்கம் வேணாம், "சம்பளத்தைப் பத்திப் பேசினாங்க"ன்னு எழுதினா பின்னாடி ஒண்ணுக்கும் ஆகாது.

நோட்டுன்னா கோடு போட்ட எண்பது பக்க நோட்டு போதும். வலது பக்கம் மட்டும் எழுதுங்க, இடது பக்கம் திருத்தத்துக்கு. சொல் கிடைக்கலைன்னா கோடு போட்டுத் தாண்டுங்க. ஒரு சொல்லைத் தேடிப் போனைத் திறந்தா வாட்ஸ்அப்ல போய்த்தான் நிக்கும்.

போன்லதான் எழுதுவேன்னா ஒரு விஷயம். ஆங்கில எழுத்துல அடிச்சுத் தமிழாக்கற கீபோர்டு பேச்சு வழக்குச் சொல்லைக் கண்டா தனக்குத் தெரிஞ்ச சொல்லை நீட்டும். "கீது"ன்னு அடிச்சா "கீதை"ங்கும். நாலு தடவை சண்டை போட்டுட்டு அஞ்சாவது தடவை நீங்களே "இருக்கிறது"ன்னு எழுதிடுவீங்க, உரையாடல் செத்துடும். அமைப்புகள்ல தானியங்கித் திருத்தத்தையும் பரிந்துரையையும் அணைச்சிடுங்க. அதைவிடத் தமிழ் எழுத்தையே நேரா அடிக்கிற தமிழ்99 கீபோர்டு பழகிக்கிறது நல்லது. உயிர் இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம். ஒரே எழுத்தை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும், ங்க, ந்த, ம்ப மாதிரி இனஎழுத்துக்கும் அப்படியே. "அந்த"ன்னு எழுத அ, ந, த மூணு தட்டு. குரல் தட்டச்சு பட்டியலுக்கு மட்டும் ஆகும். வாக்கியம் எங்கே முடியுதுன்னு அதுக்குத் தெரியாது.

காவேரிப்பட்டணத்தான்:

ரொம்ப நன்றிங்க. ஓரத்துல குறிச்சுப் பார்த்தேன், அஞ்சாம் பக்கத்துல இருந்தே காலி. இன்னும் ரெண்டு சந்தேகம். நல்ல எழுத்தைப் படிச்சா நம்ம எழுத்து குப்பைன்னு தோணி கை ஓட மாட்டேங்குது, கொஞ்ச நாள் படிக்கிறதை நிறுத்தணுமா? அப்புறம், வரிசையில நிக்கிற ஆளுங்க பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவாங்க. அதை எப்படி எழுதறது?

பழையபேட்டை:

எழுதும் காலத்தில் புனைகதையைத் தள்ளி வைப்பது நல்லது. தகவல் நூல் படியுங்கள். மா சாகுபடிக் கையேடு ஒன்றைப் புரட்டினாலே பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி, காம்போடு பறிப்பது, பால் வடிவது என்று கதைக்கு வேண்டிய சொல் கிடைக்கும்.

எழுதியதைப் பாதியில் குழுவில் போடாதீர்கள். பத்திக்கு இருபது பேர் கைதட்டிவிட்டால், கதையை முடித்தால் கிடைக்க வேண்டிய சந்தோஷம் அங்கேயே தீர்ந்துபோகும். முழு வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். மாங்காய் வியாபாரம் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். தெரிந்தவர் தகவல் பிழையைச் சொல்வார். தெரியாதவரிடம் "எப்படி இருக்கு" என்று கேட்காமல், "எந்த இடத்தில் போனை எடுத்தீர்கள்" என்று கேளுங்கள்.

நடுகல் பித்தன்:

புனைகதை வேணாங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். படிக்கிற விதத்தை மாத்தினா போதும். பிடிச்ச கதையில ஒரே ஒரு பக்கம் எடுத்து, எத்தனை வாக்கியம் பேச்சு, எத்தனை செயல், எத்தனை நினைப்புன்னு எண்ணுங்க. முதல் பத்தியை எடுத்தெழுதி, எந்தத் தகவலைச் சொல்லாம ஒளிச்சிருக்கார்னு பாருங்க. பிரிச்சுப் பார்க்கும்போது பொறாமைப்பட நேரம் இருக்காது. எழுதற நேரத்துக்கு முன்னாடி மட்டும் படிக்காதீங்க, அவர் நடை உங்க கையில ஒட்டிக்கும். நடுவுல ஒரு தூக்கம் இருக்கட்டும்.

பி ஷிப்ட்:

ஒரு எச்சரிக்கை. எழுத்து மட்டும் நின்னா மேல சொன்னதெல்லாம் ஆகும். தூக்கம், பசி, பிடிச்ச வேலை எதுலயும் நாட்டமில்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுன்னா அதை எழுத்துத் தடைன்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. 14416 டெலிமனஸ், அரசோட மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். மாறுற ஷிப்டே தூக்கத்தைக் கெடுத்து ஆளைச் சோர்வாக்கும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கலப்புப் பேச்சுக்கு: முழு உரையாடலையும் தெலுங்குல எழுதினா சேலம் தாண்டிப் படிக்க மாட்டாங்க. பேரம் சூடாகும்போது "தெலுங்குக்கு மாறினார்"னு ஒரு வரி போட்டுட்டு, பேச்சைத் தமிழ்லயே எழுதுங்க. எந்த இடத்துல மொழி மாறுதுங்கிறதுதான் முக்கியம். எடை போடறவர்கிட்ட ஒண்ணு, டிரைவர்கிட்ட ஒண்ணு, வீட்டுக்குப் போன் போட்டா இன்னொண்ணு. தமிழ்ப் பேச்சுல வினைமுடிவு மட்டும் நம்ம ஊர்ப்படி இருக்கட்டும், "லோடு அப்டியே கீது", "வந்துகினு இருக்கான்". ஒரு வரிக்கு ஒண்ணு போதும். எல்லாச் சொல்லையும் வளைச்சா குத்தகைக்காரர் சினிமாக் காமெடியன் ஆயிடுவார்.