பல ஆண்டுகள் கனமான பளு தூக்கினால் மூட்டு தேய்ந்துவிடுமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்தே ஜிம்முக்குச் சென்றுவரும் எனக்கு இப்போது 44 வயதாகிறது. ஸ்குவாட் (தோளில் எடையோடு குந்தி எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) இரண்டையும் இன்றும் கனமாகவே செய்கிறேன். சில மாதங்களாகப் படியிறங்கும்போது வலது முழங்காலில் நெறுநெறுவென்று சத்தம் கேட்கிறது; வலி இல்லை. உடற்கட்டுப் போட்டியில் எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ரோனி கோல்மன், முதுகிலும் இடுப்பிலும் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் ஊன்றுகோலோடு நடப்பதைப் பார்த்த வீட்டார், இதோடு விட்டுவிடு என்கிறார்கள். விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில் (அம்பாசமுத்திரம், இயன்முறை மருத்துவர்):
வேண்டியதில்லை, அண்ணாச்சி. வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் பெரும்பாலும் தீங்கற்றது. கோல்மன் 800 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 363 கிலோ எடையோடு ஸ்குவாட் செய்தவர். அவரை அளவுகோலாகக் கொண்டு நம் உடம்பை அளப்பது சரியன்று. ஆனாலும் வீட்டாரின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பின்லாந்தின் முன்னாள் விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்து 1995இல் வெளியான ஆய்வில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் பளுதூக்குவோரில் 31 விழுக்காட்டினரிடமும், கால்பந்தாட்டக்காரர்களில் 29 விழுக்காட்டினரிடமும், ஓட்டக்காரர்களில் 14 விழுக்காட்டினரிடமும், துப்பாக்கி சுடுவோரில் 3 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பளுதூக்குவோரிடம் அது இளமையிலேயே இருந்த கூடுதல் உடல் எடையோடும் சேர்ந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. போட்டிக்காக உச்ச எடையைத் தூக்குவது வேறு, உடல்நலத்துக்காகத் தூக்குவது வேறு. பின்னதில் எலும்பின் அடர்த்தி காக்கப்படுகிறது. வயதோடு கரையும் தசையும் மீள்கிறது. 90 வயதை ஒட்டிய முதியவர்கள்கூட எட்டு வாரப் பயிற்சியில் கால் வலிமையைச் சராசரியாக 174 விழுக்காடு கூட்டிக்கொண்டதை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தசைக்கு வலு விரைவில் கூடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மெதுவாகத்தான் கூடும் என்பதால், எடையை அவசரப்பட்டு ஏற்றுபவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

பதில் (வள்ளியூர்):
எங்கள் பக்கம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்குவார்கள். குத்தவைத்துக் கல்லை அணைத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சுக்கு உயர்த்தி, தோளில் வைத்துப் பின்பக்கம் போட வேண்டும். கல் நெஞ்சுக்கு ஏறும்போது மூச்சை அடக்கி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டைப் பற்றியே பேசுகிறோம், இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டாமா?

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், 150/96 இருந்தது. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை.

பதில் (இயன்முறை மருத்துவர்):
அப்படியானால் முழங்காலைவிட இதுதான் அவசரம். மூச்சை அடக்கிக்கொண்டு இரு கால்களாலும் கனத்தை உந்தும் நேரத்தில் அழுத்தம் சராசரியாக 320/250 வரை எகிறியதை 1985இல் தமனிக்குள்ளேயே அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞர்களின் உடம்பு அந்தச் சில நொடிகளைத் தாங்கிவிடும்; ஏற்கெனவே அழுத்தம் கூடியவருக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை ஒரே ஒரு முறை தூக்கிப் பார்க்கும் உச்ச எடையை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு, பதினைந்து முறை தூக்கக்கூடிய எடைக்கு இறங்கி, எழும்போது மூச்சை வெளியே விட்டுப் பழகுங்கள், அண்ணாச்சி.