ஆட்டக்காரர்கள் எழுதி வைத்த கதையை விட்டு விலகும்போது கேம் மாஸ்டர் எதைப் பிடித்துக்கொள்வது?

ஆற்றங்கரை எழுதியது:

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் நான்கு பேர் கொண்ட குழுவுக்குக் கேம் மாஸ்டராக, அதாவது கதையின் உலகையும் மற்றப் பாத்திரங்களையும் நடத்தும் நடுவராக, இருக்கிறேன். நான் தயாரித்திருந்த கதை இது: ஆற்றுத் துறைமுக ஊர் ஒன்றின் அரசுக் களஞ்சியத்திலிருந்து தானியம் மூட்டை மூட்டையாகக் காணாமல் போகிறது. திருடர்கள் காட்டுக்குள் பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் பதுங்கியிருக்கிறார்கள். களஞ்சிய அதிகாரியே அவர்களுக்கு உடந்தை என்பதைக் காட்டும் கடிதம் அந்தக் கோபுரத்தின் மேல்தளத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. குழு அங்கே சென்று, மோதி வென்று, கடிதத்தோடு ஊர் திரும்பும் என்ற கணக்கில் வரைபடத்தையும் எதிரிகளின் பலத்தைக் காட்டும் எண்களையும் எழுதி வைத்திருந்தேன்.

குழுவோ கோபுரத்தின் பக்கமே போகவில்லை. களஞ்சியத்தில் கணக்கு எழுதும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, பேரேட்டைப் பார்க்க அனுமதி கேட்டது. பிறகு, திருடர் தலைவிக்கு ஆள் அனுப்பி, அவளுடைய ஆட்களுக்கே ஆற்றுக் காவல் வேலையை வாங்கித் தருவதாகப் பேரம் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறது. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; அதை மடக்கிப் பழைய வழிக்குத் திருப்ப எனக்கு மனமில்லை. அதே நேரத்தில், அவர்கள் சொல்வதற்கெல்லாம் உலகம் வளைந்து கொடுத்தால், வென்றதில் அவர்களுக்கு என்ன மகிழ்ச்சி இருக்கும் என்ற கவலையும் இருக்கிறது.

ஆகவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். முன்தயாரிப்பே இல்லாமல் நடத்துவதுதான் நெகிழ்வா, அல்லது வேறு விதமாகத் தயாரிக்க வேண்டுமா? கோபுரத்தில் இருந்த கடிதத்தை அவர்கள் புரட்டும் பேரேட்டுக்குள் சத்தமில்லாமல் மாற்றி வைப்பது நேர்மையான செயலா? விதிநூலில் இல்லாத ஒன்றை அவர்கள் முயலும்போது கடினத்தை அந்த நொடியில் எப்படி நிர்ணயிக்கிறீர்கள்?

---

வரைபடக்காரர் எழுதியது:

உங்கள் முதல் கேள்வி இந்த விளையாட்டுக்கும் முந்தையது என்பதால், கொஞ்சம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1824இல் பிரஷ்ய அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கி வைத்த போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். அதில் ஒவ்வொரு தாக்குதலின் சேதத்தையும் நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து அறிவிக்க வேண்டும். காலப்போக்கில் விதிகள் பெருகின, ஆட்டம் ஊர்ந்தது, அதை நடத்தவே அதிகாரிகள் சலித்துக்கொண்டார்கள். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி அட்டவணைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, போரை நேரில் அறிந்த நடுவர் தம் அறிவைக் கொண்டே விளைவைத் தீர்மானிக்கட்டும் என்றார். நடுவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது நிலப்பரப்பையும் படைகளின் இயல்பையும் பற்றிய ஆழ்ந்த அறிவு. நினைத்ததைச் சொல்லும் சுதந்திரம் என்று அதைப் புரிந்துகொண்டால் அந்த மரபையே தவறவிட்டுவிடுவோம்.

நடுவரின் தீர்ப்பை மையமாகக் கொண்ட இந்த வழி அமெரிக்காவில் 1880இல் வெளிவந்த ஒரு போர்ப் பயிற்சிக் கையேட்டிலும் இடம்பெற்றது. அதைப் படித்த டேவிட் வெஸ்லி 1969இல் மினசோட்டா நண்பர்களுக்காக நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊரான பிரவுன்ஸ்டைனை உருவாக்கி, இரு படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கியாளர் போன்ற வேடங்களையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். போர் தொடங்குவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் ஊருக்குள் ஆளுக்கொரு திசையில் போய், தங்களுக்குள் பேரமும் சதியும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். வெஸ்லி ஆட்டம் கைவிட்டுப் போனதாகவே கருதினார். விளையாடியவர்களோ மீண்டும் எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னிசன் அடுத்த சில ஆண்டுகளில் பிளாக்மூர் என்ற தம் கற்பனை நிலத்தில் ஆட்டங்களை நடத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது.

உங்கள் குழு செய்தது விலகல் அன்று. இந்தக் கலை பிறந்ததே அப்படி ஒரு மாலையில்தான். தயாரிப்பு வேண்டவே வேண்டும். ஆனால் தயாரிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசையை அல்ல, அந்த ஊரை.

---

இரவுக்காவல் எழுதியது:

மேலே வரைபடக்காரர் சொன்ன ‘ஊரைத் தயாரிப்பது’ நடைமுறையில் எப்படி இருக்கும் என்று உங்கள் கதையை வைத்தே காட்டுகிறேன்.

நான் முக்கியமான ஒவ்வொருவருக்கும் நான்கு வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை. உங்கள் திருடர் தலைவிக்கு இப்படி எழுதுவேன். வேண்டுவது: குளிர்காலம் வருமுன் தன் ஆட்களுக்கு நிலையான சோறு. அஞ்சுவது: களஞ்சிய அதிகாரி ஒரு நாள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்பது. கையில் இருப்பது: ஆறு படகுகளும் அதிகாரியின் கையெழுத்திட்ட கடிதமும். யாரும் குறுக்கிடாவிட்டால் செய்யப்போவது: அடுத்த அமாவாசை இரவில் வடக்குக் கிடங்கைக் காலி செய்துவிட்டு, தடயம் இல்லாமல் எரித்துவிடுவாள்.

இந்த நான்கு வரிகள் இருந்தால், குழு வாளோடு வந்தாலும் பேரத்தோடு வந்தாலும் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துத் தவிக்க வேண்டியதில்லை. காவல் வேலை என்ற யோசனை அவளுடைய முதல் வரியை நேராகத் தொடுகிறது. ஆகவே காது கொடுப்பாள். இரண்டாவது வரியின் காரணமாக, ‘அதிகாரி பதவியில் இருக்கும்வரை உங்கள் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?’ என்றும் கேட்பாள். பாருங்கள், குழுவின் யோசனையை நீங்கள் மறுக்கவும் இல்லை, அப்படியே விழுங்கவும் இல்லை. அது ஏற்கப்படுவதற்கு ஒரு விலை உண்டாகிவிட்டது, அந்த விலையும் நீங்கள் அந்த நேரத்தில் இட்டுக்கட்டியதாக இல்லாமல் அவளுடைய அச்சத்திலிருந்து பிறந்தது.

நான்காவது வரிக்கு ஒரு வட்டம் வரைந்து ஆறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2017இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டால் ‘கிளாக்’ என்ற பெயரில் இந்த முறை பரவலாயிற்று. குழு ஒரு நாளை வீணாக்கினாலோ, ஊரில் சத்தம் எழுப்பி எச்சரித்துவிட்டாலோ ஒரு பகுதியை நிழலிடுங்கள். ஆறும் நிறைந்தால் கிடங்கு எரிகிறது. அதை மேசையின் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒளித்து வைத்த ஆபத்தைவிடக் கண்ணெதிரே நிறைந்துகொண்டு வரும் ஆபத்துதான் ஆட்டக்காரர்களைத் துணிந்து முடிவெடுக்க வைக்கிறது.

சான்றுகளைப் பற்றி. உங்கள் கதையில் அதிகாரியின் குற்றம் ஒரே ஒரு கடிதத்தில் தொங்குகிறது. இக்கட்டு அங்கேதான் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களாவது வையுங்கள் என்று இவ்வகை விளையாட்டுகளைப் பற்றி எழுதும் வலைப்பதிவர் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய அறிவுரை இன்றும் அசைக்க முடியாதது. பேரேட்டில், வெள்ளத்தால் படகுகளே ஓடாத நாள்களில் மூட்டைகள் ஏற்றப்பட்டதாக ஒரே கையெழுத்தில் நான்கு பதிவுகள் இருக்கலாம். இரவில் அதிகாரியை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்ட ஓடக்காரர் ஒருவர் இருக்கலாம். கடிதம் தலைவியின் கையில் இருக்கட்டும். பேரத்தில் அவள் கடைசியாக எடுத்து வைக்கும் சீட்டு அதுவாகட்டும்.

தலைவி அனுப்பும் தூதர் எந்த மனநிலையில் வருவார் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், பழைய பதிப்புகளின் மனநிலைச் சோதனையைப் பயன்படுத்துங்கள். 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பில் இரண்டு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 2 என்றால்தான் எதிரில் வருபவர் உடனே தாக்குவார். அதற்கான வாய்ப்பு 36இல் ஒன்று மட்டுமே. 6 முதல் 8 வரை விழுந்தால் அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள், அதற்கு 36இல் 16 வாய்ப்புகள். பேச்சுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஒரு விதி பின்னாளைய பதிப்புகளில் ஓரத்துக்குப் போய்விட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

---

செம்பருத்தி எழுதியது:

இரவுக்காவல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கடிதத்தை இடம் மாற்றுவது பற்றிய கேள்வியைத் தடயங்களைப் பெருக்குவதன் மூலம் அவர் கடந்து சென்றுவிட்டார் என்று தோன்றுகிறது. அதற்கு நேரான பதில் வேண்டும்.

ஆட்டக்காரர்களுக்கு இன்னும் தெரியாத ஒன்று இன்னும் எங்கும் உறுதியாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பாதியே ஒப்புக்கொள்கிறேன். குழுவுக்குக் கோபுரத்தில் ஒரு கடிதம் இருப்பதாக எந்தச் செய்தியும் கிடைக்காதவரை, அதை எங்கே வைப்பது என்பது உங்கள் முன்தயாரிப்பின் தொடர்ச்சிதான், மாற்றுங்கள், குற்றமில்லை. ஆனால் யாரோ ஒரு வேட்டைக்காரர், ‘கோபுரத்தில் அதிகாரியின் முத்திரை பதித்த உறை ஒன்றைப் பார்த்தேன்’ என்று அவர்களிடம் சொல்லியிருந்து, அவர்கள் அதை எடைபோட்டு, ஆபத்து அதிகம் என்று கோபுரத்தைத் தவிர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்போது அதே உறையைப் பேரேட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால், அவர்கள் யோசித்து எடுத்த முடிவை நீங்கள் செல்லாததாக்குகிறீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே உறை, எந்தச் சாலையில் போனாலும் அதே அரக்கன் என்று நடத்துவது, பார்ப்பதற்கு நெகிழ்வாக இருந்தாலும், கதையை ஒரே தண்டவாளத்தில் ஓட்டுவதற்குச் சமம். எல்லா வழியும் ஒன்றேதான் என்பதை ஆட்டக்காரர்கள் வெகு விரைவில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பகடையை மறைத்து உருட்டி முடிவை மாற்றுவதையும் இதே காரணத்துக்காக எதிர்க்கிறேன். வரக்கூடிய முடிவுகளில் ஏதேனும் ஒன்றைத் தாங்க முடியாது என்றால் பகடையை எடுக்கவே கூடாது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஐந்தாம் பதிப்பின் கடின எண்களில், அதாவது இருபது முகப் பகடையில் விழுவதோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டி எட்ட வேண்டிய எண்களில், 10, 15, 20 ஆகிய மூன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். +3 கூட்டும் பாத்திரத்துக்கு அவற்றின் வெற்றி வாய்ப்பு முறையே 70, 45, 20 விழுக்காடு. ஆட்டக்காரர் நல்ல காரணம் ஒன்றைக் காட்டினால், எண்ணைத் தொடாமல் இரு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சலுகையைக் கொடுங்கள். 45 விழுக்காடு ஏறத்தாழ 70 ஆகிவிடும். உருட்டுவதற்கு முன்பே எண்ணையும் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘கணக்கெழுதும் பெண்ணை இணங்க வைக்க 15 வேண்டும், தவறினால் பேரேட்டைக் காட்டுவாள், ஆனால் நீங்கள் கேட்டதை அதிகாரியிடம் சொல்லியும் விடுவாள்’ என்று அறிவித்தால், ஆட்டக்காரர் தெரிந்தே துணிகிறார், அல்லது வேறு வழி தேடுகிறார். இரண்டுமே நல்ல ஆட்டம்.

ஒரே செயலுக்குப் பல முறை உருட்டச் சொல்லாமல் இருப்பதும் முக்கியம். நால்வர் களஞ்சியத்துக்குள் பதுங்கி நுழைகிறார்கள், ஒவ்வொருவருக்கும் 55 விழுக்காடு வாய்ப்பு என்று வையுங்கள். நால்வரும் தனித்தனியே தப்ப வேண்டும் என்றால் குழுவின் வாய்ப்பு 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. பாதிப் பேர் வென்றால் போதும் என்ற குழுச் சோதனை விதியைக் கொண்டால் அது ஏறத்தாழ 76. பதுங்கிப் போகும் யோசனைகள் எல்லாம் ஏன் சண்டையில் முடிகின்றன என்று வியக்கும் கேம் மாஸ்டர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

---

நான்காம் நாற்காலி எழுதியது:

நான் கேம் மாஸ்டர் அல்ல, எப்போதும் ஆட்டக்காரராகவே இருப்பவள். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், அடுத்த முறை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் கேம் மாஸ்டர் கேட்பார். நாங்கள் எங்களுக்குள் விவாதித்து ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத்தான் எழுவோம். அவருக்குத் தயாரிக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது, எங்களுக்கோ நாங்கள் தேர்ந்த வழியில்தான் கதை போகிறது என்ற நம்பிக்கை உண்டாகிறது.

---

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரேட்டில் வெள்ள நாள்களின் பதிவுகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தைப் பற்றி என் குழுவுக்கு எந்தச் செய்தியும் எட்டியிருக்கவில்லை. எனவே செம்பருத்தி அவர்கள் வகுத்த எல்லைக்குள் நின்று அதைத் தலைவியின் கைக்கு மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பகடை அவர்கள் பக்கம் விழுந்து, தலைவி முதல் சந்திப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? பல அமர்வுகளுக்கு என்று நினைத்த கதை ஒரே மாலையில் முடிந்துவிடாதா?

---

இரவுக்காவல் எழுதியது:

ஒப்புக்கொள்ளட்டும், நண்பரே. வென்றதை முழுமையாக வெல்ல விடுங்கள். கதையை நீட்டுவதற்காக மட்டும் அவளை மனம் மாற வைக்காதீர்கள்.

ஒப்பந்தம் நிறைவேறினால் ஊரில் யாருடைய நிலை மாறுகிறது என்று பாருங்கள். இத்தனை நாள் ஆற்றைக் காவல் காத்தவர்களின் பிழைப்பு போகிறது. உடந்தையாக இருந்த அதிகாரி, தன் ரகசியம் அறிந்தவர்கள் அரசுச் சீருடையில் தெருவில் நடப்பதைப் பார்த்துத் தூக்கம் இழக்கிறார். தலைவியின் கூட்டத்திலேயே காவல் வேலையை இழிவாக நினைக்கும் ஓர் அணி பிரியலாம். இந்த மூவருக்கும் நான்கு நான்கு வரிகள் எழுதுங்கள். அடுத்த சில அமர்வுகளுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பேரம் நடக்கும்போது, ஆட்டக்காரர்கள் வாயால் சொல்லும் நிபந்தனைகளை அவர்களுடைய சொற்களிலேயே ஒரு தாளில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கூலியை யார் கொடுப்பது, பழைய குற்றங்களுக்கு மன்னிப்பு உண்டா, ஆறு படகுகளும் இனி யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அவர்கள் எழுத மறந்த நிபந்தனையைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டாம். தலைவி அதைக் கவனிப்பாளா இல்லையா என்பதை அவளுடைய நான்கு வரிகளே உங்களுக்குச் சொல்லும்.