பாயிண்ட் ஆஃப் லே: ‘கேறுவெடை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். கோழி வளர்ப்புக் கலைச்சொல் பட்டியலில் ‘பாயிண்ட் ஆஃப் லே’ (முட்டை வைக்கத் தொடங்கப்போகும் பருவம்), ‘புல்லட்’ (இளம் பெட்டைக்கோழி) ஆகியவற்றுக்கு வந்த இந்தப் பரிந்துரையைப் பற்றி எழுதுகிறேன்.

> பாயிண்ட் ஆஃப் லே = முட்டைப்புள்ளி
> பாயிண்ட் ஆஃப் லே புல்லட் = முட்டைப்புள்ளிக் கோழி

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. முட்டைப்புள்ளி என்றதும் உடம்பெல்லாம் புள்ளி விழுந்த கோழிதான் கண்முன் வருகிறது. ‘புல்லட்’ என்றே எழுதிவிடலாம் என்ற இன்னொரு யோசனையும் வேண்டாம். நம்மூரில் அது என்ஃபீல்டு வண்டி.

மெல்பர்ன் புறநகரில் இருக்கும் என் அக்கா போன வருடம் வீட்டுக் கொல்லைக்கு நான்கு கோழி வாங்கினாள். விளம்பரத்தில் பாயிண்ட் ஆஃப் லே என்பதைச் சுருக்கி ‘பி.ஓ.எல்.’ என்று மூன்றெழுத்து மட்டும் இருந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கோழி வளர்ப்பவர்களுக்கு அது போதும்: சீக்கிரமே முட்டை வைக்கப்போகும் கோழி, ஏறக்குறைய 16 முதல் 20 வாரம். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகளிடம் கேட்டால், அப்படி ஒரு சொல்லையே கேட்டதில்லை என்கிறாள். அங்கே குஞ்சுப் பண்ணைக்காரர்கள் சொல்வது ‘ஸ்டார்ட்டட் புல்லட்’. எதைத் தொடங்கியது? முட்டையை அல்ல. விளக்குச் சூடு தேவைப்படும் குஞ்சுப் பருவத்தைத் தாண்டும்வரை வளர்த்துத் தருகிற கோழி என்று பொருள். மெல்பர்னைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘முட்டைப்புள்ளிக் கோழி’, நியூ ஜெர்சியைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘தொடங்கிய கோழி’. இரண்டையும் எங்கள் அப்பத்தாவிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்துப் போட்டால் இதுதான் நடக்கும். பிராய்லரையே பாருங்கள். மேலிருந்து நெருப்புப் படும்படி சமைப்பதை அமெரிக்காவில் ‘பிராய்ல்’ என்பார்கள். அதையே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘கிரில்’ என்பார்கள். யாரும் பிராய்ல் செய்யாத ஊரிலும் கோழிக்குப் பெயர் பிராய்லர்! பல்லடத்துக்காரர்கள் அந்த வேரைத் தேடிப் போகவில்லை. கறிக்காக வளர்ப்பது கறிக்கோழி, நாமக்கல்லில் முட்டைக்காக வளர்ப்பது முட்டைக்கோழி. நாளிதழில் விலை போடுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. காய்கறியிலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் கேப்சிகம், அமெரிக்காவில் பெல் பெப்பர், பிரிட்டனில் வெறும் பெப்பர், நமக்குக் குடைமிளகாய்.

சரி, ‘வெடக்கோழி’ இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்னும் முட்டை வைக்காத இளங்கோழி எல்லாமே வெடைதான். பத்து வாரத்துக் கோழியும் வெடை, பதினெட்டு வாரத்துக் கோழியும் வெடை. தீவனம் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வளர்பருவத் தீவனத்தில் 1 சதவீதம் அளவில்தான். முட்டை ஓட்டுக்கு அது வேண்டும். முட்டை வைக்காத சின்னக் கோழிக்கு வாரக்கணக்கில் அதையே கொடுத்தால் சிறுநீரகம் கெடும். அக்காவுக்கு வந்தவை உண்மையில் பதினோரு, பன்னிரண்டு வாரக் கோழிகள் போலிருக்கிறது. விற்றவர் சொன்னதை நம்பி முட்டைக்கோழித் தீவனத்தை வாங்கி வைத்துவிட்டாள். இரண்டு மாதம் ஆகியும் ஒரு முட்டை இல்லை.

நான் ஃபோனில் கேட்டது ஒன்றுதான்: “கேறுதாக்கா?”

“இல்லடா, சும்மா மேயுது.”

அப்போதுதான் இந்தச் சொல் தட்டுப்பட்டது. முட்டை வைக்க இடம் தேடும் கோழி ஒருவிதமாக இழுத்துச் சத்தம் போட்டுக்கொண்டு மூலை மூலையாக நுழைந்து பார்க்கும். அதைத்தான் கேறுதல் என்கிறோம். கொண்டை சிவந்திருக்கும், முதுகில் கைவைத்தால் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி உட்காரும். ஆங்கிலக் கையேடுகள் அரைப் பக்கம் எழுதும் அடையாளங்களை எங்கள் ஊரில் ஒரு வினைச்சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆகவே என் பரிந்துரை ‘கேறுவெடை’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கேறிய, கேறுகின்ற, கேறும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுப்பதால், முதல் முட்டையை நேற்று வைத்ததையும் நாளை வைக்கப்போவதையும் ஒரே கூடையில் போட்டு விற்கலாம்.

> பேச்சுவழக்கைக் கலைச்சொல்லாக்குவது முறையல்ல. ‘கேறுவிடை’ என்றாவது திருத்துங்கள்.

திருத்தலாம். ஆனால் விடை என்றால் பதில், இலக்கியத்துக்குப் போனால் காளை. ‘கேறுவிடை’யைப் பார்த்துக் கேள்வித்தாள் என்று நினைப்பவர்கள் உண்டு, கோழி என்று நினைப்பவர்கள் குறைவு. வெடை என்றே இருக்கட்டும் என்பது என் கட்சி.

அப்புறம், பட்டியலில் அடுத்து வரும் ‘ஸ்பாட்ச்காக்’. இதற்கு ஒரே தமிழ்ச் சொல் போடாதீர்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதுகெலும்பை வெட்டி எடுத்துத் தட்டையாக விரித்த கோழி. ஆஸ்திரேலியக் கறிக்கடையில் அது சின்னக் கோழி ஒன்றின் பெயர். அந்தச் சின்னக் கோழியை பிரிட்டன்காரர் பிரெஞ்சில் ‘பூசான்’ என்பார். அமெரிக்காவில் ‘கார்னிஷ் கேம் ஹென்’. 2 பவுண்டுக்கு மேல் போகாத இந்தக் கோழியின் பெயரில் ‘ஹென்’ இருந்தாலும் அது சேவலாகவும் இருக்கலாம். வெட்டும் முறைக்கு ‘விரிகோழி’, பறவைக்கு ‘இளங்கறிக்கோழி’ என்று தனித்தனியாக வைக்கலாமா?

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊரில் பேட்டுக்கோழி என்பீர்கள் அல்லவா? முதல் முட்டைக்கு முந்திய அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு என்று தனிப் பெயர் ஏதும் உண்டா? இருந்தால் கேறுவெடையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.