கலைச்சொல் வேண்டும்: இடர்க்காலத்தில் பெண்களுக்குப் போகும் மருந்துப் பெட்டிகளுக்கு என்ன பெயர்?

மடல் 1 – தஞ்சாவூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளம், நிலநடுக்கம், போர் என்று ஊரே இடம்பெயரும்போது முகாம்களில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் முடிந்தது. நான்கு சொற்களைத் தாண்ட முடியவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். முகாம் என்றால் அரிசி, தண்ணீர், தார்ப்பாய், அம்மைத் தடுப்பூசி என்றுதான் நெடுநாள் எண்ணம் இருந்தது. 1994இல் கெய்ரோவில் 179 நாட்டு அரசுகள் கூடி, கருத்தரிப்பது, தள்ளிப்போடுவது, பத்திரமாகப் பெற்றெடுப்பது, பால்வினை நோய்க்கு மருத்துவம் பெறுவது எல்லாம் மனிதர்களின் உரிமை என்று ஏற்றன. அகதிகளுக்கும் அந்த உரிமை உண்டு. அடுத்த ஆண்டே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இதற்கென ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைத்தன. அதிலிருந்து வந்தவைதான் இந்தப் பெட்டிகள். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இவற்றை அனுப்புகிறது.

கணக்கு எளிது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பிறப்பு என்று வைத்தால், 10,000 பேர் இருக்கும் முகாமில் மூன்று மாதத்தில் 100 குழந்தைகள் பிறக்கும். அதாவது நாள்தோறும் குறைந்தது ஒன்று. பெட்டிகள் இந்த மூன்று மாதக் கணக்கில்தான் அடுக்கப்படுகின்றன. 10,000 பேருக்கு ஒரு வகை, 30,000 பேரைப் பார்க்கும் மருத்துவமனைக்கு ஒரு வகை, 1,50,000 பேருக்கான பெரிய மருத்துவமனைக்கு ஒரு வகை. ஒன்று முதல் 12 வரை எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆணுறை சிவப்பு, பிரசவம் கருநீலம், பிறப்புறுப்புக் கிழிசலைத் தைப்பது ஊதா, ரத்தம் ஏற்றுவது கரும்பச்சை. இவற்றில் மிகச் சிறியது கர்ப்பிணியின் கையிலேயே கொடுக்கும் பொட்டலம். ஒரு சோப்புக்கட்டி, விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள், தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடு, கட்ட நூல், குழந்தையைச் சுற்றத் துணி, கையுறை. மருத்துவமனைக்குப் போக வழியே இல்லை என்றால் அதுதான் பிரசவ அறை.

என் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: 'மனிதாபிமான அவசரநிலைகளில் இனப்பெருக்கச் சுகாதாரப் பொருட்கள்'. என் தங்கை கிராம சுகாதாரச் செவிலியர். படித்துவிட்டு, "அண்ணே, இது கால்நடைத் துறைக்கு எழுதினதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வரியை என்னால் அப்படியே விட முடியவில்லை.

எனக்கு வேண்டியவை: 'ரீப்ரொடக்டிவ் ஹெல்த்', 'எமர்ஜென்சி', 'கிட்', பிறகு முதல் 48 மணி நேரத்தில் தொடங்கிவிட வேண்டிய பணிகளுக்கான 'மினிமம் இனிஷியல் சர்வீஸ் பேக்கேஜ்'.

மடல் 2 – கோவையிலிருந்து, சொல்லாய்வாளர்

வணக்கம் தம்பி.

'இனப்பெருக்கம்' உயிரியல் பாடப்புத்தகச் சொல். தவளைக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும். உங்கள் தங்கைக்குக் கசந்ததில் வியப்பில்லை. 'சுகாதாரம்' வேண்டாம், 'நலம்' போதும்.

என் முன்மொழிவு: கருநலம். கருவுறுதல், கருத்தடை, கருப்பை, கருச்சிதைவு, கருவளம் என்று இந்தத் துறையின் சொற்களெல்லாம் ஏற்கெனவே அந்த வேரில்தான் நிற்கின்றன. ஐந்தே எழுத்து, தூய தமிழ். 'கருநலப் பெட்டகம்' என்றால் சொல்லவும் அழகு. குழந்தை பிறந்ததும் அரசு மருத்துவமனையில் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள் அல்லவா? 'பெட்டகம்' மக்களுக்குப் புதிதில்லை.

'அவசரநிலை' அறவே கூடாது. 1975ஐ நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அது கைதும் தணிக்கையும்தான். இடர்க்காலம் என்று வையுங்கள்.

மடல் 3 – மட்டக்களப்பிலிருந்து, ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

வணக்கம். 'இடர்க்காலம்' எங்களுக்கும் சரி. இங்கே அரச ஆவணங்களில் 'அனர்த்தம்' என்று இருக்கும், அங்கே 'பேரிடர்' என்பீர்கள். இரண்டும் புயலையும் கடலையும்தான் ஞாபகப்படுத்தும். சண்டையால் ஓடிவந்த சனத்தைச் சேர்க்காது. இடர் என்றால் எல்லாம் அடங்கும். 'அவசரகாலம்' என்றால் எங்களுக்கும் சட்டமும் சோதனைச் சாவடியும்தான்.

பெட்டகம் வேண்டாம். எங்கள் சனத்துக்கு பொதி தெரியும். உலருணவுப் பொதி வாங்கி வாழ்ந்த சனம். பொதி என்றால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பெட்டகம் வீட்டில் பூட்டி வைப்பது.

நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் இருந்த முகாம்களில் வேலை செய்தேன். ஒரு நாள் லொறியில் பெண்களுக்கான சாமான்கள் வந்தன. கொண்டுவந்த பொடியன் பட்டியலைப் பார்த்து ஒலிபெருக்கியில் வாசித்தான்: "இனப்பெருக்க சுகாதாரப் பொருட்கள் தேவையான பெண்கள் வரிசையில் வரவும்." ஒருத்தியும் எழும்பவில்லை. தகப்பன், அண்ணன், மாமன் எல்லோரும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். கடலில் புருசனையும் பிள்ளைகளையும் கொடுத்தவள் அந்த வரிசையில் எப்படிப் போய் நிற்பாள்? அன்று பின்னேரம் நானும் இன்னொரு அக்காவும் வகுப்பறை வகுப்பறையாகப் போய், "உள்ளுடுப்பும் துணியும் சோப்பும் இருக்கு, பிள்ளைத்தாச்சியள் இருந்தா தனியாச் சொல்லுங்கோ" என்று காதோடு சொன்னோம். இருட்டுவதற்குள் சாமான் முடிந்தது.

அந்தப் பொடியனில் பிழை இல்லை. தாளில் இருந்ததை வாசித்தான். ஆகவே தம்பி, நீங்கள் எழுதும் சொல்லை ஒருவர் சத்தமாக வாசிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

மடல் 4 – மதுரையிலிருந்து, மகப்பேறு மருத்துவர்

மட்டக்களப்பு அக்காவின் மடலை இரண்டு முறை படித்தேன். நன்றி அக்கா.

கோவை ஐயா மன்னிக்க வேண்டும். 'கருநலம்' கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் என்னால் ஏற்க முடியாது. தமிழில் 'கண்நலம்' என்றால் கண்ணின் நலம், 'குழந்தைநலம்' என்றால் குழந்தையின் நலம். 'கருநலம்' என்று படிப்பவர் கருவின் நலம் என்றுதான் புரிந்துகொள்வார். இந்தப் பெட்டிகள் அதற்காக வரவில்லை. மூன்றாம் எண் பெட்டி வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கானது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தரிக்காமல் தடுக்கும் மாத்திரையை 120 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பெண்கள் வரும் வழியில் இந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்கள். அப்படி வரும் ஒருத்தியின் முன்னால் 'கருநலப் பெட்டகம்' என்று எழுதிய பெட்டியைத் திறக்க என் கை ஓடாது.

'மகப்பேற்று நலம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் போதாது. பிள்ளை பெற விரும்பாதவள், மாதவிடாய் வந்த 13 வயதுச் சிறுமி, பால்வினை நோயோடு வரும் ஆண் எல்லாரும் வெளியே நின்றுவிடுவார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. ஆவணத்துக்கு 'இனப்பெருக்கநலம்' இருக்கட்டும். அழகில்லாத சொல்தான், ஆனால் இரண்டு நாட்டு அலுவலகங்களும் அறிந்த சொல். யாரையும் வெளியே தள்ளாது. பெட்டியின் மேல் அதை எழுதவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அது செய்யும் வேலையின் பெயர் போதும்.

'டிக்னிட்டி கிட்' பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாப்கின், உள்ளாடை, சோப்பு, சீப்பு, டார்ச், விசில் வைத்த பை அது. அதை 'மானப் பை' என்று எழுதியதை ஒரு பயிற்சித் தாளில் பார்த்தேன். நம் ஊரில் பெண்ணின் மானம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுமையை ஒரு பையின் மேல் எழுதி அவளிடமே கொடுக்க வேண்டாம். 'பெண்கள் பை' என்றால் போதும்.

மடல் 5 – கோவையிலிருந்து

மருத்துவர் அம்மா சொல்வது சரி. 'கருநலம்' என்ற முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். வேற்றுமைத் தொகையை விரித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. 'பொதி'க்கும் உடன்படுகிறேன். பொதிமாடு, பொதிசோறு என்று நம் பக்கமும் இருந்த சொல்தான்.

மடல் 6 – தஞ்சாவூரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இனி இப்படி எழுதப்போகிறேன்.

ஆவணத் தலைப்பு இடர்க்கால இனப்பெருக்கநல வழங்கல். 'வழங்கல்' இரு நாட்டிலும் அரசுச் சொல். புயல் வருமுன்பே மாவட்டத்தில் இறக்கி வைக்கும் இருப்புக்கு முன்னிருப்பு.

'பேக்கேஜ்' என்பதற்குத் 'தொகுப்பு' என்று எழுதியிருந்தேன். தவறு. பொங்கல் பரிசுத் தொகுப்பு வாங்கிய ஊரில் தொகுப்பு என்றால் பையில் போட்டுக் கொடுப்பது. இதுவோ பொருளே அல்ல, பணிகளின் வரிசை. யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது, வன்முறையைத் தடுப்பதும் ஆளானவரைக் கவனிப்பதும், எச்.ஐ.வி.யும் பால்வினை நோயும் பரவாமல் பார்ப்பது, தாயும் சேயும் சாகாமல் காப்பது, விரும்பாத கருவைத் தவிர்க்க வழி செய்வது, பிறகு முழுச் சேவைக்குத் திட்டமிடுவது. பொதி வந்து இறங்கியும் இந்தப் பணிகள் தொடங்காமல் இருக்கலாம், அதனால்தான் இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. 'குறைந்தபட்ச' என்றால் ஏதோ கொஞ்சம் செய்தால் போதும் என்று ஒலிக்கிறது. மூலத்தின் கருத்து, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது. ஆகவே முதற்கட்டக் கட்டாயப் பணிகள்.

பொதிகள்: பிரசவப் பொதி, கருத்தடைப் பொதி, கிழிசல் தையல் பொதி, ரத்தப் பொதி என்று வேலைப் பெயர்கள். மூன்றாம் எண்ணுக்கு மட்டும் வெளியே மூன்றாம் பொதி என்று எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதமாட்டேன். "மூன்றாம் பொதியை எடுங்கள்" என்று செவிலியர் சொன்னால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எதுவும் தெரியக் கூடாது.

ஒன்று மிச்சம். எட்டாம் எண், மஞ்சள் நிறம். கரு கலைந்தோ கலைக்கப்பட்டோ ரத்தப்போக்கும் சீழும் பிடித்து வருகிறவர்களுக்கானது; கையால் இயக்கும் உறிஞ்சி, கருப்பையைச் சுருங்கவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி இருக்கும். 'கருக்கலைப்பு' என்று எழுதினால், தாயின் உயிரைக் காக்க மட்டுமே சட்டம் அனுமதிக்கும் இலங்கையில் செவிலியர் தொடவே பயப்படுவார். 'கருச்சிதைவு' என்று எழுதினால், தானே மருந்து தின்று வந்தவள் இது எனக்கில்லை என்று நினைப்பாள். என்ன செய்வது?

மடல் 7 – மட்டக்களப்பிலிருந்து

தம்பி, சனம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். "கரு கலைஞ்சு போச்சு" என்பார்கள். தானாகப் போனதா, யாரும் செய்ததா என்று அதில் இல்லை.

மடல் 8 – மதுரையிலிருந்து

அக்கா சொன்னதிலேயே விடை இருக்கிறது. கலைத்தல் பிறவினை, கலைதல் தன்வினை. கலைப்பு என்றால் கலைத்தவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். கலைவு என்றால் வராது. என் புறநோயாளர் பிரிவிலும் "அபார்ஷன் ஆயிடுச்சு டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். "பண்ணிக்கிட்டேன்" என்று சொல்பவர் அரிது. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது எனக்கும் அது தேவைப்படாத தகவல். இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றுதான். கருக்கலைவுச் சிகிச்சைப் பொதி என்று எழுதுங்கள் தம்பி.

மடல் 9 – தஞ்சாவூரிலிருந்து

எழுதிவிட்டேன். தங்கையிடம் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எட்டாவதில் நிற்காமல் ஒன்பதாவதுக்குப் போய்விட்டாள்.